கறுப்பு ஆடி டிடி காரின் கீறல்களை நானே எடுத்த அனுபவம்

காரைப் பார்க்கப் போனது கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். 2012 மாடல் ஆடி டிடி, கறுப்பு நிறம். எனக்கு முன்னால் இரண்டு ஓனர். பானெட்டில் என் முகம் அப்படியே தெரிந்தது. எஞ்சின், டயர், பேப்பர் எல்லாம் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் நல்ல வெயில். வாசலில் நிறுத்தி பானெட்டைப் பார்த்தால் சூரியன் தெரிந்த இடத்தைச் சுற்றி நூல் நூலாக வட்டங்கள். நகர்ந்து நின்றேன், வட்டங்களும் கூடவே நகர்ந்தன. கார் முழுக்க அப்படித்தான் இருந்தது. மேகமூட்டத்தில் கறுப்பு கார் வாங்கக் கூடாது என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் விலையிலாவது கொஞ்சம் குறைத்துக் கேட்டிருப்பேன்.

இதை ஸ்விர்ல் மார்க் என்பார்கள். பெயரைக் கேட்டால் யாரோ வட்டம் வட்டமாகத் தேய்த்ததால் வந்தது என்று தோன்றும். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் ஓடுகின்றன. நார் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் தட்டை பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள், வெளிச்சத்தைச் சுற்றி இதே வட்டங்கள் தெரியும். ஆயிரக்கணக்கான கோடுகளில் வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டுமே மின்னுகின்றன, அவைதான் வட்டமாகக் கண்ணில் படுகின்றன. வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் இருக்கும், ஆனால் பின்னணி வெளுப்பாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பில் ஒளிய இடமே இல்லை.

எப்படி வந்திருக்கும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. எங்கள் அபார்ட்மென்டில் ஒரு அண்ணன் தினமும் விடியற்காலையில் பன்னிரண்டு கார் துடைக்கிறார். ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி. முதல் காரின் மண் பன்னிரண்டாவது கார் வரைக்கும் போகும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இருக்கிற நேரத்தில், கிடைக்கிற கூலிக்கு, அவர் செய்வது ஒழுங்கான வேலை. இந்தக் காரையும் பல வருஷம் யாரோ அப்படித்தான் துடைத்திருப்பார்கள். போதாததற்கு, புழுதி படிந்த காரின் மேல் கவரை இழுத்து மூடியிருப்பார்கள். காற்றில் கவர் ஆட ஆட, அடியில் இருக்கும் மண் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும்.

முதலில் நான் செய்தது தப்பு. ஒரு கடையில் விட்டேன். மூன்று மணி நேரத்தில் ரப்பிங், பாலிஷ் எல்லாம் போட்டுப் பளபளவென்று கொடுத்தார்கள். மூன்றாவது வாஷில் பழைய கீறல்கள் திரும்பி வந்துவிட்டன. பாலிஷில் இருந்த எண்ணெயும் மெழுகும் கீறலுக்குள் போய் உட்கார்ந்து அதை மறைத்திருந்தன, அவ்வளவுதான். கூடவே புதிதாக ஒன்றும் வந்திருந்தது. ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி பாலிஷ் மெஷினை அழுத்தி ஓட்டியதில் கதவு முழுக்க அலை அலையாகத் தழும்புகள். ஹாலோகிராம் என்பார்கள். வெயிலில் நடந்துகொண்டே பார்த்தால் கூடவே ஓடி வரும்.

அதற்கப்புறம்தான் நானே செய்வது என்று முடிவெடுத்தேன். எங்கள் ஏரியாவில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பட்டறை வைத்திருக்கும் பெயிண்டர் அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து பானெட்டில் வைத்தார். ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஃபெண்டரில் வைத்தார், அங்கேயும் அப்படியே. அவர் முகம் மாறிவிட்டது.

“தம்பி, முன்பக்கம் முழுக்கப் பட்டி. பெரிய ஆக்சிடென்ட் வண்டி இது.”

பட்டி என்பது நெளிந்த தகட்டை நிரவப் பூசும் பசை, அது கனமாக இருந்தால் காந்தம் ஒட்டாது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ராத்திரி உட்கார்ந்து படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. 2006-இல் வந்த இந்த இரண்டாம் தலைமுறை டிடி-யின் பாடியில் 69 சதவீதம் அலுமினியம், 31 சதவீதம்தான் இரும்பு. முன்பக்கம் அலுமினியம், கதவுகளும் டிக்கியும் பின்பக்கத் தளமும் இரும்பு. பின்னால் எடை கூட இருந்தால் கார் சமநிலையாக நிற்கும் என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். மறுநாள் அண்ணனே கதவில் காந்தத்தை வைத்தார், டப்பென்று ஒட்டிக்கொண்டது. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் நிம்மதி.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெயிண்ட் எவ்வளவு கனம் என்று அளக்காமல் மெஷினைத் தொடவே கூடாது. விலை குறைந்த மீட்டர்கள் சில இரும்பின் மேல் மட்டும்தான் அளக்கும். இரும்பு, அலுமினியம் இரண்டிலும் அளக்கும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கினேன். பானெட் 118 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஃபெண்டர் 121, வலது கதவு 114, இடது கதவு 112. டிக்கியில் மட்டும் 246. பின்னால் யாரோ இடித்திருக்கிறார்கள், டிக்கிக்கு மட்டும் மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

மீட்டர் காட்டுவது பிரைமர், கலர், மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் மூன்றும் சேர்ந்த கணக்கு. அதில் கிளியர் மட்டும் ஏறக்குறைய 40 மைக்ரான்தான் இருக்கும். தலைமுடியை விட மெல்லியது. அந்தக் கிளியரில்தான் கீறல் இருக்கிறது, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அதில்தான் இருக்கிறது. கீறலை எடுப்பது என்றால் கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியரை இறக்குவது. பள்ளத்தை யாரும் நிரப்புவதில்லை, மேட்டைத்தான் சீவுகிறோம். சென்னையில் பழைய கார்களின் ரூஃபில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிளியர் போய்விட்டால் நிலைமை அதுதான். ஆகவே இந்த வேலை முழுவதும் கையிருப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிற வேலை. எனக்கு மனதில் ஆழமாகப் பதிந்தது இதுதான்.

தை மாதம் ஆரம்பித்தேன். தினமும் காலை நான்கு மணிக்கு பேஸ்மென்டில் வாஷ், துணி வேலை, ஆறு மணிக்கு மேல்தான் மெஷின். யார் தூக்கத்தையும் கெடுக்க வேண்டாம் என்பது ஒரு காரணம். கீறலை எடுக்கப் போடும் காம்பவுண்ட் பசை சூட்டில் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

முதல் நாள் கழுவுவதோடு சரி. ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி. எங்கள் போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். அதனால் கடைசி அலசலுக்கு 20 லிட்டர் கேன் தண்ணீர் இரண்டு வாங்கினேன். இரும்புத் துகளைக் கரைக்கும் ஸ்ப்ரேயை அடித்தபோது, சுத்தமாக இருப்பதாக நான் நினைத்த கதவிலிருந்து ஊதா நிறச் சாறு வழிந்தது. பிரேக்கிலிருந்து பறந்து வந்து பெயிண்டில் ஒட்டிய இரும்புத் தூள் அது. அப்புறம் க்ளே பார். ஷாம்புத் தண்ணீர் தெளித்து அந்தக் களிமண்ணை மெதுவாக ஓட்டும்போது முதலில் கரகரவென்று சத்தம் வரும், நாலு தடவையில் வழுக்க ஆரம்பிக்கும். பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயிண்டைத் தடவினால் எங்கே இன்னும் சொரசொரப்பு இருக்கிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும்.

மெஷின் டூயல் ஆக்ஷன் வகை, சுருக்கமாக டிஏ. முன்னால் மாட்டும் மெத்தை போன்ற பேட் சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும், அதனால் ஒரே இடத்தில் சூடு சேராது. புதிதாகக் கற்பவருக்கு ரோட்டரியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மாஸ்க்கிங் டேப்பும் கூடுதல் பேட்களும் கார் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். ரப்பர், விளக்கு, கதவு விளிம்பு, பானெட் மடிப்பு எல்லாவற்றிலும் டேப் ஒட்டினேன். விளிம்பில் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும், பேட்டின் அழுத்தமும் அங்கேதான் குவியும்.

இரண்டாம் நாள் முழுக்க பானெட்டில் இரண்டு அடிக்கு இரண்டு அடி அளவில் ஒரே ஒரு கட்டம். டெஸ்ட் ஸ்பாட். இருப்பதிலேயே மென்மையானதில் தொடங்கி, போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி மேலே போக வேண்டும். முதலில் மெகுவயர்ஸ் எம்205 பாலிஷ், மெத்தென்ற ஃபோம் பேட். நாலு தடவை ஓட்டித் துடைத்து டார்ச் அடித்தேன். மூன்றில் ஒரு பங்குகூடப் போகவில்லை. ஜெர்மன் கார்களின் கிளியர் கெட்டியாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன், அன்றைக்குக் கையால் உணர்ந்தேன். கொஞ்சம் கெட்டியான ஃபோமுக்கு மாறினேன். பாதி போனது. கடைசியில் மைக்ரோஃபைபர் கட்டிங் பேடில் எம்105 காம்பவுண்ட். கடலைப்பருப்பு அளவில் நாலே சொட்டு.

பேடுக்குப் பின்னால் இருக்கும் தட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். டிஏ மெஷினை அதிகமாக அழுத்தினால் சுழற்சி நின்று வெறும் ஆட்டம்தான் மிஞ்சும், அப்போது கீறல் போகாது. கோடு சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினால் கையை எவ்வளவு அழுத்தலாம் என்பது பத்து நிமிஷத்தில் பிடிபடும். நொடிக்கு ஒரு அங்குலம், ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைப் பாதி மூடிக்கொண்டு, முதலில் குறுக்கே, பிறகு நெடுக்கே. அவசரமாக ஓட்டினால் வேர்வைதான் மிச்சம்.

துடைத்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீர் கலந்து தெளித்து மறுபடி துடைத்தேன். கடைக்காரர் செய்தது போல எண்ணெய் மறைப்பு எதுவும் இல்லாமல் உண்மையைப் பார்க்க வேண்டுமே. டார்ச் அடித்தால் வெளிச்சம் ஒற்றைப் புள்ளியாக நின்றது. சுற்றி வட்டம் இல்லை. லேசான மூட்டம் மட்டும் இருந்தது, மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி. அது காம்பவுண்ட் விட்ட தடம். அதன் மேல் எம்205-ஐ மெத்து ஃபோமில் ஓட்டியதும் மூட்டமும் போனது. டேப்புக்கு இந்தப் பக்கம் சாம்பல் பூத்த கறுப்பு, அந்தப் பக்கம் ஆழமான கறுப்பு. மீட்டரை வைத்தேன். 118 இருந்த இடத்தில் 115.

மூன்றிலிருந்து ஐந்தாம் நாள் வரை அதே வேலைதான், இடம் மட்டும் மாறியது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடை பிரஷ் போட்டுத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் உரிந்து வந்த கிளியர் தூளே புதுக் கீறல் போடும். ஒரு பேட் கை தவறித் தரையில் விழுந்தது, அதை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டேன். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூடு பரவாமல் அங்கேயே தங்கும், புறங்கையை வைத்துப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். பின் ஸ்பாய்லரைப் பட்டனை அழுத்தித் தூக்கினால் அடியில் பல வருஷத்துச் சேறு, அதை எடுக்கவே அரை மணி நேரம். மறுபடி பெயிண்ட் அடித்த டிக்கி வேறு குணம். அங்கே மைக்ரோஃபைபர் பேடே தேவைப்படவில்லை, எம்205 மட்டுமே போதுமாக இருந்தது. பானெட்டின் கணக்கை அங்கே போட்டிருந்தால் வீணாக நிறைய இறக்கியிருப்பேன்.

ஆறாம் நாள் இடது கதவு. கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கோடு. நகத்தை வைத்து இழுத்தால் தட்டி நிற்கும். நகம் தட்டினால் பாலிஷில் முழுதாகப் போகாது என்பது பெயிண்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அங்கே அளந்தேன், 97. கதவின் மற்ற இடத்தில் 112 இருக்க, இங்கே மட்டும் 97. முன்னாலேயே யாரோ இந்தக் கோட்டை எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். மிக நைசான 3000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் ஊற வைத்துக் கையில் வைத்திருந்தேன். பெயிண்டர் அண்ணனுக்கு போன் போட்டேன், அவரே நேரில் வந்தார். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“எடுத்தா கோடு போயிடும் தம்பி. ஆனா கூடவே தோலும் போயிடும். வேற வண்டியா இருந்தா நானே தேய்ன்னு சொல்லுவேன்.”

தாளைக் கீழே வைத்துவிட்டேன். எம்205-ஐ மட்டும் மெத்து ஃபோமில் இரண்டு தடவை ஓட்டினேன். கோட்டின் ஓரங்கள் மழுங்கின, எதிரே நின்று பார்த்தால் தெரியவில்லை. பக்கவாட்டில் வெயில் சாயும்போது தெரிகிறது. அந்தக் கோட்டைப் பார்த்தால் இப்போது எனக்கு உறுத்தலே இல்லை. அங்கே கிளியர் பத்திரமாக இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

கடைசியில் மறுபடி ஆல்கஹால் துடைப்பு, அப்புறம் பெயிண்டின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலமாகப் படியும் செராமிக் கோட்டிங். சின்னக் கட்டமாகத் தடவி, எண்ணெய்த் திரை போல நிறம் காட்டும்போது துடைத்துவிட வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படவிடவில்லை, ஒரு வாரம் ஷாம்பு போடவில்லை. கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்று விற்பவர்கள் சொல்வார்கள், நம்ப வேண்டாம். அழுக்கு சுலபமாக ஒட்டாது, கழுவ எளிது, அவ்வளவே.

அடுத்த திங்கட்கிழமை காலை, கார் துடைக்கும் அண்ணன் வாளியோடு வந்து நின்றார். “சார், இனிமே இதைத் துடைக்க வேணாமா?” என்று கேட்டார், குரலில் வருத்தம் இருந்தது. அவரை பேஸ்மென்டுக்குக் கூட்டிப்போய் என் பானெட்டில் டார்ச் அடித்துக் காட்டினேன், அடுத்து பக்கத்து வீட்டுக் கறுப்பு காரில் காட்டினேன். நிறைய நேரம் பார்த்தார். “இது துணியாலயா சார் வருது?” என்றார். துணியால் இல்லை அண்ணே, துணியில் இருக்கும் மண்ணால் என்றேன். மாதச் சம்பளம் அதேதான், என் காரில் சக்கரமும் கண்ணாடியும் மட்டும் அவர் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம். ஐந்து மைக்ரோஃபைபர் துணியும் இன்னொரு வாளியும் வாங்கிக் கொடுத்தேன். இப்போது மற்ற கார்களுக்கும் இரண்டு வாளி வைத்துத்தான் துடைக்கிறார். மண் அதிகமாக இருந்தால் முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டு அப்புறம்தான் துணியை வைக்கிறார்.

அளவுகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி கிளவ் பாக்ஸில் வைத்திருக்கிறேன். பானெட் 115, ஃபெண்டர் 118, வலது கதவு 111, இடது கதவு 109, கோடு இருக்கும் இடம் 97, தொடக் கூடாது. நாளைக்கு இந்தக் காரை வாங்குகிறவருக்கு அது தேவைப்படும்.