நெய்மீனும் ஒருசந்தியும்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்க வேண்டும் என்ற கத்தோலிக்கத் திருச்சபைக் கட்டளையை விவரம் தெரிந்த நாள்முதல் நான் மீறியதில்லை. மீறும் ஆசையைக்கூட அது எனக்குத் தந்ததில்லை என்பதுதான் சிக்கல். 1544இல் புனித சவேரியார் கையால் திருமுழுக்குப் பெற்ற குமரிக் கடலோர மக்களின் வழிவந்த எனக்கு, இறைச்சிக்குப் பதிலாக மீன் என்பது எந்த விதத்திலும் ஒறுத்தல் ஆகாது. தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டு, மண்சட்டியில் வற்றவைத்த சாளைக் கறியை மரச்சீனிக் கிழங்கோடு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அன்று மாலையே சிலுவைப் பாதையின் 14 நிலைகளிலும் முழந்தாளிட்டு எழுகிற ஊர் எங்களுடையது. கோழியும் ஆடும் ஞாயிற்றுக்கிழமைக்கும் திருவிழாவுக்கும் உரியவை. வெள்ளியன்று அவற்றை விலக்குவதும் ஒன்றுதான், விலக்காததும் ஒன்றுதான்.

சட்டத்தில் குழப்பம் ஏதுமில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி 14 வயது நிறைந்தவர்கள் சுத்தபோசனம், அதாவது இறைச்சி விலக்கு, காக்க வேண்டும். 18 வயது நிறைந்தவர்கள், 59 வயது நிறையும்வரை, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும், ஒருவேளை மட்டும் முழு உணவு உண்ணும் ஒருசந்தியும் இருக்க வேண்டும். முட்டைக்கும் பாலுக்கும் தடையில்லை என்பதைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1966லேயே தெளிவாக்கிவிட்டார். மீனுக்கு மட்டும் இந்தச் சலுகை எதற்கு என்று தேடியபோது, 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் சொன்ன காரணம் கிடைத்தது: தரையில் வாழ்ந்து காற்றைச் சுவாசிக்கும் விலங்குகளின் இறைச்சிதான் நாவுக்கு அதிக இன்பம் தருகிறது, உடலின் இச்சையையும் அதிகம் தூண்டுகிறது. அந்த மாமேதையின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவர் எங்கள் ஊர் நெய்மீன் வறுவலைச் சாப்பிட்டவர் அல்லர்.

சென்னைக்கு வேலைக்கு வந்தபின் இந்தக் கட்டளை இன்னும் எடை குறைந்து போனது. நான் தங்கியிருக்கும் விடுதியில் வெள்ளிக்கிழமை என்றாலே சாம்பாரும் பொரியலும்தான். ஆகவே மெஸ்காரரின் புண்ணியத்தில் என் சுத்தபோசனம் தானாகவே நிறைவேறிவிடுகிறது. 2025இல் சாம்பல் புதன் மார்ச் 5ஆம் தேதி வந்தபோது, ரமலான் நோன்பு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. அறைத் தோழி விடியலுக்கு முன் எழுந்து சஹர் உணவை முடித்துவிட்டு, பங்குனி வெயிலை எதிர்நோக்கும் அந்த நாள்களில் சொட்டுத் தண்ணீரும் பருகாமல் அலுவலகம் போய் வந்தாள். எங்கள் நோன்பைப் பற்றி அவள் கேட்டபோது, "வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டோம், மீன் சாப்பிடலாம்" என்று விளக்குவதற்கு எனக்கு நா எழவில்லை.

சட்டம் கேட்காத ஒன்றை நாமே தேர்ந்து விட்டுவிடலாமே என்று தோன்றும். இன்று என் வயதினர் பலரும் இன்ஸ்டாகிராமையோ சர்க்கரையையோ விடுகிறார்கள். நானும் ஒரு தவக்காலத்தில் சர்க்கரையை விட்டேன். முகம் தெளிந்துவிட்டது, இளைத்துவிட்டாய் என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். நோன்பிருக்கும்போது முகவாட்டம் காட்டாதீர்கள் என்று மத்தேயு நற்செய்தியில் இயேசு எச்சரிக்கிறார். முகப்பொலிவைக் காட்டினால் என்ன செய்வது என்பதற்கு அங்கே விடை இல்லை. நாமே தேர்ந்தெடுக்கும் தவத்தில் நம் விருப்பமும் எப்படியோ உள்ளே புகுந்துகொள்கிறது. அந்த வகையில், யாரும் தனக்கென்று தேர்ந்தெடுக்காத, எல்லாருக்கும் பொதுவான அந்தப் பழைய கட்டளையே மேல் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் மீனை என்ன செய்வது? என் அம்மாச்சி சாம்பல் புதன் தொடங்கி உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டர் வரை மீனைத் தொட மாட்டார். கஞ்சிக்குச் சிறுபயறு, இல்லாவிட்டால் தேங்காய்த் துவையல். மீனுக்கு ஆகியிருக்கும் காசை ஒரு பவுடர் டப்பாவில் போட்டுவைத்து, பெரிய வாரத்தில் அதை எண்ணிக்கூடப் பார்க்காமல் கோவில் உண்டியலில் கவிழ்த்துவிடுவார். 387ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் அந்தியோக்கியாவில் மறையுரையாற்றிய புனித யோவான் கிறிசோஸ்தோம், பறவைகளையும் மீன்களையும் விலக்கிவிட்டுச் சகோதரரைக் கடித்துத் தின்பதால் என்ன பயன் என்று கேட்டார். அக்காலத்தில் நோன்பு மீனையும் விலக்கியிருக்கிறது என்பது அந்தக் கேள்வியிலிருந்தே விளங்குகிறது. அம்மாச்சி கிறிசோஸ்தோமைப் படித்தவர் அல்லர். ஆனால் சாம்பல் புதனை அடுத்த வெள்ளியன்று வாசிக்கப்படும் எசாயா 58ஆம் அதிகாரத்தை, பசித்தோருக்கு உணவைப் பகிர்ந்து கொடுப்பதே நோன்பு என்று சொல்லும் பகுதியை, ஆண்டுதோறும் காதால் கேட்டவர்.

ஆகவே நானும் மீனை விடுகிறேன் என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அம்மா மகிழ்ந்தார். அப்பாதான் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லாரும் மீனை விட்டா நம்ம வள்ளம் எதுக்கு மக்கா?" என்று கேட்டார். உள்நாட்டுக் கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை கறிக்கடையைத் தவிர்த்து மீன் வாங்கினால் எங்கள் வீட்டில் அடுப்பெரியும். நான் சலுகை என்று ஏளனம் செய்த விதி, அவருடைய கணக்கில் கூலி. அக்குவினாஸை மறுக்க முடிந்த எனக்கு அப்பாவை மறுக்க முடியவில்லை. உயிர்ப்புப் பெருவிழா வரை மீன் உண்பதில்லை என்ற முடிவை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அதை வேறு யாருக்கும் பரிந்துரைக்கப் போவதுமில்லை.