பக்கத்து சீட்

மதுரையில் 19 வருடமாகக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறேன். பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எந்தப் பையன் லைசென்ஸ் வாங்கிய பிறகு போய் இடிப்பான் என்று கணிக்க என்னிடம் இருந்த ஒரே கருவி அதுதான். ஒரு வகுப்பில் என் கால் எத்தனை தடவை அதைத் தேடிப் போனது என்று டைரியில் குறித்து வைப்பேன்.

ஆறு, ஏழு என்று விழுந்தால் இன்னும் பத்து நாள் ஓட்டச் சொல்வேன். கை நடுங்க கிளட்சை விடுகிறவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இருந்ததில்லை. பயந்தவன் கால் ஆக்ஸிலேட்டரில் ஏறாது. பார்வை பானெட்டோடு நின்றுவிடுகிறவன்தான் வில்லங்கம். மாட்டுத்தாவணிப் பக்கம் நிற்கிற பஸ்ஸைத் தாண்டும்போது, "பஸ்ஸுக்கு அடியில கால் தெரியுதான்னு பாரு தம்பி" என்பேன். அந்தக் கால்தான் அடுத்த நொடி ரோட்டுக்கு வரும். பிரிட்டனில் 2002 முதல் இதற்கென்றே வீடியோ காட்டித் தேர்வு வைக்கிறார்கள். இங்கே எல்.எல்.ஆர். போட்டு 30 நாள் கழித்து, மைதானத்தில் முன்னே பின்னே எடுத்துக் காட்டினால் முடிந்தது.

ஒரு பையனுக்கு டைரியில் எல்லா நாளும் பூஜ்யம். லைசென்ஸ் வாங்கிய மூன்றாம் மாதம், ராத்திரி பதினொன்றரைக்கு ரிங் ரோட்டில் நின்றிருந்த லாரிக்குப் பின்னால் சொருகினான். காரில் கூட நாலு பேர். எல்லாரும் பிழைத்தார்கள், இவனுக்கு முழங்காலில் பிளேட். பார்க்கப் போனேன்.

"நீங்க பக்கத்துல இருந்திருந்தா இடிச்சிருக்க மாட்டேன் மாஸ்டர்."

ஆறுதலுக்குச் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் நான் கணக்கெடுத்தது என் முன்னால் ஒழுங்காக இருக்கிற பையனை. நான் இறங்கியதும் அந்த சீட்டில் யார் ஏறுகிறார்கள் என்பது டைரியில் கிடையாது. நியூசிலாந்தில் 1987-இல் கொண்டுவந்த முறைப்படி, புது லைசென்ஸ்காரர் கொஞ்ச காலம் ராத்திரி பத்து மணிக்கு மேல் தனியாக ஓட்டவோ, அனுபவசாலி கூட இல்லாமல் ஆள் ஏற்றவோ கூடாது. நம்மூரில் எல் போர்டைக் கழற்றிய அன்றைக்கே சேக்காளிகளோடு கொடைக்கானல் ஏறலாம்.

இப்போது கடைசி வகுப்புக்கு ஒரு சேக்காளியைக் கூட்டிவரச் சொல்கிறேன். அவன் பின் சீட்டில். பேசு, பாட்டுப் போடு என்று அவனிடம் சொல்லிவிடுவேன். போன வாரம், அதுவரை பூஜ்யத்திலேயே இருந்த ஒருவன். அழகர்கோவில் ரோட்டில் பின்னாலிருந்து "மச்சான், இதப் பாரேன்" என்று குரல் வந்ததும் தலை முழுசாகத் திரும்பிவிட்டது. முன்னால் ஒரு ஆட்டோ. அன்றைக்கு டைரியில் மூன்று.

ஒரு மாசத்துக்குச் சாவியைக் கையில் கொடுக்க வேண்டாம் என்று அவன் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"என்ன மாஸ்டர், நல்லா ஓட்டுறான்னு நேத்து வரைக்கும் நீங்கதானே சொன்னீங்க?" என்றார்.