வகுப்புக்குப் பலகாரம் சுட்டு மூன்று முறை அலைந்த கதை

நேற்று மதியம் என் மகளின் வகுப்பில் 26 பிள்ளைகளும் ஆளுக்கொரு கப்கேக் சாப்பிட்டார்கள். யாருக்கும் ஒவ்வாமையால் உடம்பு அரிக்கவில்லை, உதடு வீங்கவில்லை. இதற்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது. நான்கு முறை சுட்டேன். இரண்டு முறை டப்பாவோடு பள்ளி வாசல் வரை போய் அப்படியே திரும்பினேன். கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. அதில் பாதி என் மேலேயே இருக்கிற கோபம் என்பதால், எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சர் அனுப்பிய தகவலில் ஒரே வரிதான் இருந்தது: பால், முட்டை, கொட்டை வகைகள் இல்லாத தின்பண்டமாக இருக்கட்டும். பல வருடமாகக் கேக் சுடுகிறவள் நான், இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். முதல் நாள் மாவு கலக்கும்போது பாலுக்குப் பதில் எதை ஊற்றினேன் தெரியுமா? பாதாம் பால். பாலைத் தவிர்த்துவிட்ட பெருமையில் கொட்டையை நானே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். கேக் ஓவனுக்குள் போன பிறகு, காலி டப்பாவைக் குப்பையில் போடும்போதுதான் அதன் மேல் இருந்த பாதாம் படம் கண்ணில் பட்டது.

அந்தக் கேக்கை வீட்டிலேயே தின்று தீர்த்தோம். தின்றுகொண்டே வெண்ணெய்க்குப் பதிலாகப் போட்ட மார்ஜரினின் லேபிளையும் படித்துப் பார்த்தேன். பொடி எழுத்தில் வே பவுடர் என்று இருந்தது. அதுவும் பாலிலிருந்து வருவதுதான். கேசீன் என்று எழுதியிருந்தாலும் பால்தான். லாக்டோஸ் இல்லாத பால் என்று விற்கிறார்களே, அது பாலில் உள்ள சர்க்கரை சேராதவர்களுக்கானது. ஒவ்வாமையைக் கிளப்புகிற புரதம் அதில் அப்படியே இருக்கும். வீகன் என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஒரு தோழி சொன்னாள். தயவுசெய்து கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள். அதில் பாலும் முட்டையும் சேர்த்திருக்க மாட்டார்கள், சரி. ஆனால் கெட்டியாக, கிரீம் மாதிரி வருவதற்கு முந்திரியை அரைத்துச் சேர்ப்பது அங்கே சர்வ சாதாரணம்.

இரண்டாவது முறை உஷாராகிவிட்டேன். வேர்க்கடலை வெண்ணெய் போட்டுச் செய்கிற குக்கீ எனக்கு நன்றாக வரும். கடலைக்குப் பதிலாகச் சூரியகாந்தி விதையை அரைத்த வெண்ணெயைப் போட்டேன். அளவெல்லாம் அதேதான். ராத்திரி சுட்டு எடுத்தபோது பொன்னிறமாக, ஓரம் மொறுமொறுவென்று அருமையாக இருந்தது. ஆறவிட்டு, டப்பாவில் அடுக்கி, காலையில் பள்ளிக்குக் கொண்டுபோனேன்.

அலுவலகத்தில் இருந்தவர், "வீட்டில் செய்ததா? உள்ளே விட முடியாது" என்றார், தலையை நிமிர்த்தாமலே. டீச்சர்தான் செய்துவரச் சொன்னார் என்றேன். "அது எங்களுக்குத் தெரியாது மேடம். கடையில் வாங்கின, பிரிக்காத பாக்கெட்டா இருக்கணும். என்னென்ன சேர்த்திருக்குன்னு அதில் அச்சடிச்சிருக்கணும்." இதை அந்தத் தகவலிலேயே ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் என் ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும் அல்லவா? நானும் விடுவதாக இல்லை. எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறேன் என்று காட்ட, டப்பாவைத் திறந்து ஒரு குக்கீயை எடுத்து அவர் முன்னாலேயே இரண்டாக உடைத்தேன்.

உள்ளே பச்சை. பாசி பிடித்த மாதிரி நல்ல கரும்பச்சை.

அவர் குக்கீயைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் டப்பாவை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரே ராத்திரியில் எப்படிப் பூஞ்சை பிடித்தது என்று வழியெல்லாம் குழம்பினேன். பூஞ்சையே இல்லையாம். சூரியகாந்தி விதையில் குளோரோஜெனிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. பேக்கிங் சோடா காரத்தன்மை உள்ளது. இரண்டும் சேர்ந்தால் பச்சை நிறம் வந்துவிடும். அதுவும் சூடாக இருக்கும்போது தெரியாது, ஆற ஆறத்தான் நிறம் ஏறும். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. சோடாவைக் குறைத்துப் போட்டாலோ, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டாலோ பச்சை பெரும்பாலும் அடங்கிவிடும். ஒன்றும் ஆகாது என்பதை அந்த அலுவலகத்தில் போய் யார் விளக்குவது?

அன்று மாலை டீச்சரே கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தார். எழுத்தில் அனுமதி வாங்கித் தருவதாகவும், சேர்க்கும் பொருள்களின் பட்டியலையும் ஒவ்வொரு பாக்கெட்டின் லேபிள் படத்தையும் மூன்று நாள் முன்னதாக அனுப்பிவிடும்படியும் சொன்னார். பேச்சை முடிக்கும்போது, "ஆமாம், ஒரு பையனுக்கு எள்ளும் ஆகாது, சொன்னேன் இல்லையா?" என்றார். சொல்லவில்லை. அரைத்த சூரியகாந்தி விதை பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். எள்ளும் அரைக்கப்படும் இயந்திரத்தில் தயாரித்தது என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. அந்த அலுவலகக்காரர் மேல் இருந்த எரிச்சல் அங்கேதான் கொஞ்சம் இறங்கியது. அவர் சொன்ன விதம் சரியில்லை. ஆனால் என் குக்கீயை அவர் உள்ளே விடாதது நல்லதாகப் போயிற்று.

வகுப்பில் பாலும் முட்டையும் ஆகாத பெண் குழந்தை ஒன்று உண்டு. அதன் அம்மாவின் எண்ணை டீச்சர் மூலம் கேட்டு வாங்கிப் பேசினேன். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். என் பட்டியலை முழுசாகக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்க சல்லடையில வழக்கமா என்ன சலிப்பீங்க?" எனக்குப் பதில் வரவில்லை. போன மாதம்தான் பாதாம் மாவு சலித்திருந்தேன். சர்க்கரை டப்பாவுக்குள் எந்தக் கரண்டி போகிறது, மரக்கரண்டி எத்தனை வருடப் பழசு, கீறல் விழுந்த தட்டில் எதையெல்லாம் சுட்டிருக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். சல்லடைக் கண்ணிலும் மரத்தின் இடுக்கிலும் தங்குவது கழுவினாலும் முழுசாகப் போகாது. கை கழுவுவதற்கும் சோப்பும் தண்ணீரும்தான் சரி, சானிடைசர் கிருமியைக் கொல்லுமே தவிரக் கடலைப் புரதத்தை அகற்றாது என்றார். சுட்டால் சூட்டில் எல்லாம் அழிந்துவிடாதா என்று அப்பாவியாகக் கேட்டேன். பால், முட்டை ஒவ்வாமை உள்ள சில பிள்ளைகளுக்கு நன்றாக வெந்த கேக்கில் இருக்கிற அளவு ஒத்துக்கொள்ளுமாம். ஆனால் அதை மருத்துவர் முன்னிலையில் சோதித்துத்தான் முடிவு செய்வார்கள், நாமாக எடுக்கிற முடிவு இல்லை. வேர்க்கடலை விஷயத்தில் சூடு உதவாது, வறுத்தால் இன்னும் வீரியம் கூடவும் வாய்ப்புண்டு.

அவர் குரலில் சலிப்பே இல்லை. இதே கேள்விகளை எத்தனை பேரிடம் கேட்டிருப்பாரோ.

புதுச் சல்லடை, புதுக் கரண்டி, பிரிக்காத சர்க்கரை, பிரிக்காத மாவு வாங்கினேன். தட்டுக்குக் காகிதக் கப். முட்டைக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்தால் வழுவழுவென்று வரும், ஒரு முட்டைக்குச் சமம். ஆனால் எனக்குக் கிடைத்த ஆளிவிதைப் பாக்கெட்டிலும் எள் எச்சரிக்கை இருந்தது. விதை வகைகளை ஒரே இடத்தில்தான் அடைப்பார்கள் போலிருக்கிறது. கடைசியில், முட்டைக்கு மாற்றே தேவைப்படாத பழைய முறை ஒன்றைப் பிடித்தேன். ஒன்றரை கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, கால் கப் கோகோ பவுடர், ஒரு தேக்கரண்டி பேக்கிங் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு. இதில் ஒரு கப் தண்ணீர், மூன்றில் ஒரு கப் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர், கொஞ்சம் வெனிலா. சோடாவும் வினிகரும் சேர்ந்ததும் நுரைக்கும், அந்த வாயுதான் கேக்கைத் தூக்கிவிடுகிறது. அதனால் கலந்த கையோடு ஓவனுக்குள் போய்விட வேண்டும், போன் அடித்தாலும் எடுக்காதீர்கள். 180 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். இந்த அளவுக்கு 12 வரும். 26 பேருக்கு இரண்டு மடங்கு போதும் என்று கணக்குப் போட்டு இரண்டு குறைந்து முழித்தேன், இரண்டரை மடங்காகப் போடுங்கள். வகுப்பில் யாருக்கும் கோதுமை ஒவ்வாமை இல்லாததால் மைதாவோடு தப்பித்தேன்.

பட்டியல் போனது, படங்கள் போயின, அனுமதி வந்தது. முந்தின நாள் சுட்டேன், அழகாக எழும்பி வந்தன. கோகோ ஐசிங் தடவி, மேலே வண்ண உருண்டைகளைத் தூவினேன். காலையில் மறுபடி பள்ளி. இந்த முறை அலுவலகக்காரர் மரியாதையாகப் பட்டியலை வாங்கி, நான் கொண்டுபோயிருந்த பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் படத்தோடு ஒப்பிட்டார். வண்ண உருண்டை வந்ததும் நிறுத்திவிட்டார்.

படத்தில் இருந்தது பெரிய பாட்டில். அதை என் மகள் பாதி காலி செய்துவிட்டாள் என்று அதே பெயரில் சின்னப் பாக்கெட் ஒன்று வாங்கிச் சேர்த்திருந்தேன். அதன் பின்பக்கத்தில் பாதாம், எள் இருக்கலாம் என்று அச்சிட்டிருந்தது. பெரிய பாட்டிலில் அந்த வரியே கிடையாது. ஒரே பெயர், ஒரே நிறம், வேறு வேறு ஆலை. இந்த 'இருக்கலாம்' எச்சரிக்கையைப் போடுவது பல நாடுகளில் கட்டாயம் இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. அதனால் அந்த வரி இல்லாவிட்டாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது, சந்தேகம் என்றால் தயாரிப்பாளரையே கேட்க வேண்டும். 26 கேக்கும் திரும்ப வீட்டுக்கு வந்தன. மேலே இருப்பதை மட்டும் சுரண்டிவிட்டு எடுத்துப் போனால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதற்கே வெட்கப்பட்டேன்.

நான்காவது முறை ஐசிங்கும் இல்லை, உருண்டையும் இல்லை. வெறும் கேக். டப்பா மூடியில் பொருள் பட்டியலை ஒட்டி, பாக்கெட்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கூடவே எடுத்துப் போனேன். அலுவலகக்காரர் ஐந்து நிமிடத்தில் உள்ளே அனுப்பிவிட்டார். வாசலில் அந்தக் குழந்தையின் அம்மா நின்றிருந்தார். மூடியில் இருந்ததை ஒருமுறை படித்தார். கோகோ பாக்கெட்டைக் கேட்டு வாங்கி அதையும் படித்தார். பிறகு மகளுக்கு என்று கையோடு கொண்டுவந்திருந்த சின்ன டப்பாவைத் தன் பைக்குள்ளேயே திரும்ப வைத்துக்கொண்டார்.

மாலையில் வீட்டுக்கு வந்த என் மகளுக்கு ஒரே ஒரு குறைதான். மேலே உருண்டை ஏன் போடவில்லை?