பாட்டெடுப்பவரும் காலரும்

காரைக்குடிக்கு அருகே எங்கள் ஊரில், முளைப்பாரி நாள்களில் அம்மன் கோவில் முன் கும்மி கொட்டும்போது, வட்டத்தில் யாருடைய கால் பிசகினாலும் என் அப்பத்தா பொருட்படுத்தமாட்டார். பாட்டெடுத்துக் கொடுப்பவர் தடுமாறினால் மட்டும் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தபோது ஸ்கொயர் டான்ஸ் பார்க்க அழைத்துப் போனார்கள்; ஆடியவர்களைவிட, மேடையில் மைக்கோடு நின்று அடிகளைக் கூவிச் சொல்லும் காலரையே நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். ('அழைப்பாளர்' என்று எழுதினால் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்போல் இருக்கிறது; ஆகவே காலர் என்றே இருக்கட்டும்.)

நான்கு இணைகள், ஆக எட்டுப் பேர், சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் உள்நோக்கி நிற்கிறார்கள். 'டோ சி டோ' என்று காலர் சொன்னால், எதிரில் உள்ளவரை முதுகோடு முதுகாகச் சுற்றிப் பழைய இடத்துக்கு வர வேண்டும். 'அலெமாண்ட் லெஃப்ட்' என்றால், தம் இணையை விட்டு, தமக்கு மறுகைப் பக்கம் அடுத்து நிற்பவரின் இடக்கையை இடக்கையால் பற்றிச் சுற்ற வேண்டும். ஓர் அசைவு முடிய இரண்டொரு தாளம் மிச்சமிருக்கும்போதே அடுத்த சொல் வந்து விழ வேண்டும். பிந்தினால் எட்டுப் பேரும் கால் ஓய்ந்து நிற்பார்கள். மிகவும் முந்தினால் ஆடிக்கொண்டிருப்பது குழம்பும்.

கும்மியில் அடி மாறுவதில்லை, பாட்டுத்தான் மாறும். இங்கே அடுத்த அடி எதுவென்று ஆடுபவர் எவருக்கும் தெரியாது. அது காலரின் வாயில் இருக்கிறது. பழைய நாளில் நடன ஆசிரியரிடம் கற்று மனப்பாடமாக ஆடியவர்கள்தாம் அமெரிக்கர்களும். 19ஆம் நூற்றாண்டில், பிடில் வாசித்தபடியே அடிகளைக் கூவிச் சொன்ன கறுப்பின இசைஞர்களுக்கு, சொல்லக் கேட்டு ஆடும் வழக்கமாக அது மாறியதில் பெரும் பங்கு உண்டு. காலர்களுக்கென்று 1974இல் தொடங்கிய 'காலர்லேப்' என்னும் அமைப்பு, சொற்களின் பொருளை வரையறுத்து வைத்திருக்கிறது. அதனால் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் அதே ஆங்கிலச் சொற்களுக்கே ஆடுகிறார்கள்.

பொதுவாக ஒரு சுற்றுக்கு இரண்டு பகுதிகள். பின்பகுதியில் காலர் தெரிந்த பாட்டொன்றைப் பாடிக்கொண்டே, 64 தாளம் கொண்ட ஏழு கண்ணிகளுக்குள் அடிகளைப் பொருத்துகிறார். எனக்கு வியப்பூட்டியது முன்பகுதிதான். இணைகளைக் கண்டபடி கலைத்துவிட்டு, இறுதியில் ஒவ்வொருவரையும் சொந்த இணையிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சிலர் வீட்டிலேயே மேசைமேல் காய்களை நகர்த்தி வழியைக் கண்டு வைத்துக்கொள்கிறார்கள். தேர்ந்தவர்கள், ஒரு சதுரத்தில் யாருக்கு யார் இணை, எங்கே நின்றார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்து, கண்ணால் பார்த்தே பிரித்துச் சேர்க்கிறார்கள். அன்று ஒரு சதுரம் நடுவில் கலைந்தது. காலர் பாட்டை நிறுத்தாமல், மற்றவர்களுக்கு எளிய அடிகளாகச் சொல்லிக்கொண்டே அவர்கள் ஒழுங்காகி நிற்கக் காத்திருந்தார்.

ஊருக்குத் திரும்பியதும், கும்மிக்குப் பாட்டெடுக்கும் ஆச்சியிடம் இதையெல்லாம் விவரித்தேன். பாதி வரை சும்மா கேட்டிருந்தவர், "கலைச்சு விட்டவரு, எல்லாரையும் அவுகவுக ஆளுகிட்ட கொண்டாந்து விட்டாரா?" என்றார்.

விட்டார் என்றேன்.

"அப்பச் சரி" என்று வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார்.