நடுவில் இருக்கும் நோடுக்குத் தூக்கமே இல்லை

வெப்பநிலையை அளந்து ரேடியோவில் அனுப்பும் குட்டிக் கருவிகள், அதாவது நோடுகள், மொத்தம் நாலு. ஒவ்வொன்றிலும் 3.3 வோல்ட் புரோ மினி (குட்டி ஆர்டுயினோ போர்டு), என்ஆர்எஃப்24எல்01+ ரேடியோ, வெப்பநிலை சென்சார், இரண்டு ஏஏ பேட்டரி. பத்து நிமிடத்துக்கு ஒரு அளவீடு.

முதல் தடவை பேட்டரி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அனுப்பி முடித்த பிறகும் ரேடியோவைக் கேட்கும் நிலையிலேயே விட்டிருந்தேன். அனுப்பத்தான் கரண்ட் நிறைய இழுக்கும் என்று நினைத்தது தப்பு. டேட்டாஷீட்டின்படி முழு சக்தியில் அனுப்ப 11.3 மில்லி ஆம்பியர், கேட்க 13.5. அனுப்புவது கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும், கேட்பது முடியவே முடியாது. 2000 எம்ஏஎச் பேட்டரியை 13.5ஆல் வகுத்தால் ஆறு நாள்.

சரி, ரேடியோவைத் தூங்க வைத்தேன். அப்போதும் மீட்டர் ஒரு மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டியது. போர்டில் இருக்கும் குட்டி பவர் எல்இடியும், வோல்டேஜைச் சீராக்கும் ரெகுலேட்டரும்தான் காரணம். இரண்டையும் சாலிடரிங் அயர்னால் பிடுங்கிவிட்டு, பேட்டரியை நேராகப் போர்டின் மின்சார முனையான விசிசியில் கொடுத்தேன். இப்போது சில மைக்ரோ ஆம்பியர்தான். (மைக்ரோ ரேஞ்சில் அளக்கும்போது நோடு கண் விழித்ததுமே ரீசெட் ஆகித் தொலைத்தது. மீட்டருக்குள்ளேயே வோல்டேஜ் விழுகிறது என்று புரிய ஒரு மாலை முழுக்கப் போனது.)

வெப்பநிலை 0.2 டிகிரியாவது மாறினால்தான் அனுப்புவது, மாறாவிட்டாலும் மணிக்கு ஒரு தடவை தலைகாட்டுவது என்றும் செய்து பார்த்தேன். பெரிய லாபமில்லை.

உண்மையான தலைவலி ரெண்டாவது நோடு. மூணும் நாலும் அனுப்புவது, அளவீடுகளைச் சேகரிக்கும் அடித்தள நோடுக்கு அதன் வழியாகத்தான் வரவேண்டும், அதனால் அது எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. அதன் பேட்டரிதான் முதலில் காலி. 2000இல் வந்த லீச் (LEACH) என்ற சென்சார் வலையமைப்பு முறையில் நோடுகள் முறைவைத்துத் தலைமை ஏற்று இந்தச் சுமையை மாற்றிக்கொள்ளும். எனக்கு அது உதவாது, இங்கே ரெண்டாவதைத் தவிர வேறு எதற்கும் அடித்தள நோடு எட்டாது.

அதனால் நேரம் குறித்துச் சந்திக்க வைத்தேன். தூங்கும் புரோ மினியை எழுப்பும் வாட்ச்டாக் டைமர் அதிகபட்சம் 8 விநாடி, 75 தடவை தூங்கினால் பத்து நிமிடம். ஆனால் அந்த டைமர் சூட்டுக்கும் வோல்டேஜுக்கும் தகுந்தபடி நழுவும். மதியத்துக்குள் மூணாவது நோடு அனுப்பும் நேரத்தில் ரெண்டாவது நல்ல தூக்கத்தில் இருந்தது. இப்போது ரெண்டாவது அனுப்பும் ஏசிகே (‘கிடைத்தது’ என்ற) பதிலிலேயே ‘அடுத்த சந்திப்புக்கு இத்தனை விநாடி’ என்று சேர்த்து அனுப்புகிறது. முன்னும் பின்னும் ரெண்டு விநாடி கேட்டால் போதும். ரேடியோவின் சராசரி 0.09 மில்லி ஆம்பியர்.

ஏசிகே ஒருமுறை தவறினால் மட்டும் நோடு வழி தொலைத்த மாதிரி அலைகிறது. அப்போது எவ்வளவு நேரம் தேட விடலாம் என்பதைத்தான் இந்த வாரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.