29 வருஷம், அப்புறம் 33 நாள்

தடகளத்தில் எந்த வருஷம் பெரிய வருஷம் என்று பேச்சு வந்தால் ஆளாளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். போல்ட் ரசிகர்களுக்கு 2008, 2009 தவிர வேறு வருஷமே காலண்டரில் கிடையாது. என் ஓட்டு 2021க்குத்தான். ஒரு வருஷம் தள்ளிப்போய், ரசிகர்களே இல்லாத டோக்கியோ ஸ்டேடியத்தில், மாஸ்க் போட்ட நடுவர்களுக்கு முன்னால் நடந்த ஒலிம்பிக்ஸ் அது. அந்த வருஷத்தில்தான் தொண்ணூறுகளிலிருந்து யாராலும் அசைக்க முடியாமல் கிடந்த சாதனைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன.

முதலில் ஆண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1992 பார்சிலோனாவில் அமெரிக்காவின் கெவின் யங் 46.78 விநாடியில் ஓடினார். அதுவரைக்கும் 47 விநாடிக்குக் கீழே எவரும் போனதில்லை. பழைய வீடியோவைத் தேடிப் பாருங்கள், கடைசித் தடையைக் காலால் இடித்துவிட்டுத்தான் போகிறார், கோட்டைத் தொடுவதற்கு முன்பே கையையும் தூக்கிவிடுகிறார். அப்படி அலட்சியமாக ஓடியும் அந்த நேரம் 29 வருஷம் நின்றது. 47க்குக் கீழே இரண்டாவது ஆள் வருவதற்கே 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, கத்தாரின் அப்தர்ரஹ்மான் சாம்பா, 46.98.

இந்தப் பந்தயம் ஏன் அவ்வளவு கஷ்டம் என்றால், இது வெறும் வேகம் மட்டும் இல்லை, கணக்கும்கூட. முதல் தடை 45 மீட்டரில், அதற்கப்புறம் 35 மீட்டருக்கு ஒன்று, மொத்தம் பத்து, கடைசித் தடையிலிருந்து கோட்டுக்கு 40 மீட்டர். ஆண்களுக்கு ஒவ்வொரு தடையும் 91.4 செ.மீ. உயரம். இரண்டு தடைகளுக்கு நடுவில் 13 காலடி வைப்பதா, 14 வைப்பதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 14 என்றால் அடுத்த தடையை மற்றக் காலால் தாண்ட வேண்டும். அதற்கு இரண்டு காலும் பழகியிருக்க வேண்டும். களைத்துப்போய் அடி குறுகினால் தடைக்கு முன்னால் தடுமாறுவோம், அங்கேயே பந்தயம் போச்சு.

நார்வேயின் கார்ஸ்டன் வார்ஹோம் 13 காலடிக் கணக்கில் ஓடுபவர், அதுவும் முதல் தடையிலிருந்தே பேய் பிடித்த மாதிரி ஓடுபவர். சக்தியைச் சேமித்து வைத்துக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே அவரிடம் இல்லை. 2021 ஜூலை 1, ஆஸ்லோவின் பிஸ்லெட் மைதானம், சொந்த ஊர்க் கூட்டம். 46.70. யங்கின் நேரத்தில் 0.08 விநாடி குறைந்தது. 29 வருஷத்துக்கு இது போதும், இனி அடுத்த முப்பது வருஷத்துக்குக் கவலையில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன்.

சரியாக 33 நாள். ஆகஸ்ட் 3, டோக்கியோ இறுதிப் போட்டி. நமக்கு அது காலை நேரம், ஆபீஸ் லாகின் ஆகிவிட்டு லேப்டாப்புக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன் (அந்த வருஷம் வீட்டிலிருந்தே வேலை, யார் கேட்கப்போகிறார்கள்). கடைசி வளைவு வரைக்கும் வார்ஹோம் முன்னால், பத்தாவது தடைக்கு வரும்போது அமெரிக்காவின் ராய் பெஞ்சமின் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டார், கோட்டில் மறுபடியும் வார்ஹோம். கடிகாரத்தில் 45.94. நான் முதலில் திரையில்தான் ஏதோ தப்பு என்று நினைத்தேன். வார்ஹோமுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் போல, கண்ணும் வாயும் திறந்தபடி நின்றார், அப்புறம் பனியனைக் கிழித்துக்கொண்டு கத்தினார்.

வென்றவரை விடுங்கள், பெஞ்சமினைப் பாருங்கள். 46.17. அன்று காலை வரை இருந்த உலக சாதனையைவிட அரை விநாடிக்கு மேல் வேகமாக ஓடியவருக்குக் கிடைத்தது வெள்ளி. பிரேசிலின் அலிசன் டோஸ் சாண்டோஸ் 46.72, அதுவும் யங்கின் நேரத்தைவிடக் குறைவு, அவருக்கு வெண்கலம். நாலாவதாக வந்த கைரன் மெக்மாஸ்டர் ஓடிய 47.08க்கு 1992 தவிர அதற்கு முந்தைய எந்த ஒலிம்பிக்ஸிலும் தங்கம் கிடைத்திருக்கும். மனுஷனுக்கு ஒரு பதக்கம்கூட இல்லை.

அடுத்த நாளே பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம். நமக்கு இந்தப் பந்தயத்தின் பெயரைக் கேட்டாலே 1984 லாஸ் ஏஞ்சலிஸும் பி.டி. உஷாவும் நினைவுக்கு வந்துவிடும். 55.42, விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் போனது. டோக்கியோவில் கடைசித் தடை வரைக்கும் தலிலா முகமதுதான் முன்னால், அதற்கப்புறம் கிடைத்த 40 மீட்டரில் சிட்னி மெக்லாஃப்லின் தாண்டிப்போய் 51.46 ஓடினார். ஜூன் மாதம் அமெரிக்காவின் யூஜீனில் அவரே வைத்த 51.90தான் அதுவரைக்கும் உலக சாதனை. தலிலா 51.58. இங்கேயும் பழைய உலக சாதனையை உடைத்தவருக்கு வெள்ளிதான்.

இவ்வளவும் ஒரே வாரத்தில் நடந்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்? வந்தது. காலணிதான் காரணம் என்று ஒரு பக்கம் சண்டை. கார்பன் தகடும், மிதித்தால் திருப்பித் தள்ளுகிற தடித்த ஃபோமும் வைத்த புது ஸ்பைக்ஸ். வார்ஹோமே பெஞ்சமின் போட்டிருந்த நைக்கி ஸ்பைக்ஸைக் கடுமையாகத் திட்டினார், ஆனால் அவர் காலில் இருந்ததும் சாதாரணச் செருப்பில்லை, மெர்சிடிஸ் ஃபார்முலா 1 அணியோடு சேர்ந்து பூமா செய்த கார்பன் தகடு ஸ்பைக்ஸ். இன்னொரு பக்கம் டிராக். இத்தாலியின் மாண்டோ நிறுவனம் போட்டது, மேற்பரப்புக்குக் கீழே காற்று அடைத்த குட்டி அறைகள், வேகமான டிராக் என்று ஓட்டக்காரர்களே சொன்னார்கள்.

என்னைக் கேட்டால், காலணிக்கும் டிராக்குக்கும் பங்கு இருக்கிறது, இல்லை என்று சொல்வது பொய். ஆனால் அதே டிராக்கில், அதே மாதிரிக் காலணிகளோடு ஆண்கள் 100 மீட்டரில் தங்கம் வாங்கிய ஜேக்கப்ஸின் நேரம் 9.80, போல்ட்டின் 9.58 பக்கத்தில்கூடப் போகவில்லை. பெண்கள் 100 மீட்டரில் எலைன் தாம்சன் ஹெரா எதிர்க்காற்றில் 10.61 ஓடினார், அடுத்த மாதமே யூஜீனில் 10.54, இருந்தும் 1988இல் கிரிஃபித் ஜாய்னர் ஓடிய 10.49 இடத்தை விட்டு நகரவில்லை (அன்றைக்குக் காற்றுமானி சரியாக வேலை செய்ததா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை, அது தனிக் கதை). ஸ்பைக்ஸை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது.

குண்டு எறிதலுக்கு ஸ்பைக்ஸே கிடையாது. ரயன் கிரௌசர் ஜூனில் 23.37 மீட்டர் எறிந்தார். 1990இலிருந்து ராண்டி பார்ன்ஸ் வைத்திருந்த 23.12 போனது. பார்ன்ஸ் அதே 1990இல் ஊக்கமருந்தில் மாட்டி, பின்னால் வாழ்நாள் தடையும் வாங்கியவர், அந்தப் பெயர் பட்டியலின் உச்சியிலிருந்து இறங்கியதில் எனக்குத் தனி சந்தோஷம். டோக்கியோவில் கிரௌசர் எறிந்த ஆறு எறிகளுமே பழைய ஒலிம்பிக் சாதனையைத் தாண்டின. பெண்கள் மும்முறைத் தாண்டலில் வெனிசுவேலாவின் யூலிமார் ரோஹாஸ் தங்கம் உறுதியான பிறகு கடைசி முயற்சியில் 15.67 மீட்டர் தாண்டி, 1995இன் 15.50ஐத் தூக்கியெறிந்தார். ஜூன் 6 அன்று நெதர்லாந்தின் ஹெங்கலோவில் சிஃபான் ஹசன் பெண்கள் 10,000 மீட்டர் உலக சாதனை படைத்தார், இரண்டே நாளில் அதே டிராக்கில் எத்தியோப்பியாவின் லெடெசென்பெட் கிடே 29:01.03 ஓடி அதைப் பறித்துக்கொண்டார். ஹசன் அசரவில்லை, டோக்கியோவில் 1500 மீட்டர் தகுதிச் சுற்றின் கடைசி ரவுண்டில் கீழே விழுந்து, எழுந்து, எல்லாரையும் தாண்டி முதலாவதாக வந்து, அன்று இரவே 5000 மீட்டரில் தங்கம் வாங்கினார்.

அப்புறம் அந்த டிராக்கின் இன்னொரு முகம். அந்த வருஷம் ஈட்டி எறிதலில் ஜெர்மனியின் ஜோஹனஸ் வெட்டரை யாரும் நெருங்க முடியவில்லை, மே மாதம் 96.29 மீட்டர் எறிந்தவர். டோக்கியோவில் ஓடி வந்து காலை ஊன்றும்போது கால் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது, 82.52 மீட்டரோடு ஒன்பதாவது இடம். நீரஜ் சோப்ரா இரண்டாவது எறியில் 87.58, ஈட்டி விழுவதைப் பார்க்காமலே திரும்பிக் கையைத் தூக்கினார். மார்ச்சில் பாட்டியாலாவில் அவரே எறிந்த 88.07ஐவிட இது குறைவு. சாதனை எதுவும் உடையவில்லை, தங்கம் வந்தது.

சாதனை உடைந்த இடத்தில் நம் ஆட்களுக்குப் பதக்கம் வரவில்லை, அதை டிவியில் யாரும் பேசவும் இல்லை. ஆண்கள் 4x400 ரிலே தகுதிச் சுற்றில் முகமது அனஸ், நோவா நிர்மல் டாம், லால்குடிக்காரரான ஆரோக்கிய ராஜீவ், அமோஜ் ஜேக்கப் நால்வரும் 3:00.25 ஓடினார்கள், புதிய ஆசிய சாதனை. மொத்தத்தில் ஒன்பதாவது இடம், இறுதிப் போட்டிக்குப் போவது எட்டு அணிகள். 3 நிமிடத்துக்குக் கீழே போக நமக்கு 2023 புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப் வரை ஆனது, 2:59.05, அந்த அணியில் கடைசிச் சுற்றை ஓடியவர் ராஜேஷ் ரமேஷ், அவரும் தமிழ்நாட்டுக்காரர்.