பீலிக்கரைக் குறிப்புகள்

2025 பெப்ரவரி 2, ஞாயிறு

பைப்பைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. மூணு வாரமாய் மழை இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்துச் (வரிசை வீட்டுச்) சனம் மொத்தமும் மறுபடி பீலிக்கரைக்கு வந்துவிட்டது, ஊத்துத்தண்ணி மூங்கில் பீலி வழியே விழும் இடத்துக்கு. பத்து லீட்டர் வாளியைப் பீலிக்கடியில் வைத்துப் போனில் நேரம் பார்த்தேன்: 1 நிமிடம் 50 வினாடி. எனக்குப் பின்னால் பதினாறு குடம்.

"தொட்டி கட்டுனீங்களேடா, தண்ணிய எங்கடா கட்டி வச்சிருக்கீங்க?" என்றார் கடைசி வீட்டுப் பாட்டி. பதில் சொல்ல வாய் வரவில்லை.

போன வருசம் பொடியன்கள் நாங்கள்தான் காசு சேர்த்து ஊத்துக்கண்ணைச் சுற்றிச் சிமெந்துத் தொட்டி கட்டினோம். நீல பெயின்ட் அடித்து எங்கள் பெயரையும் எழுதினோம். தண்ணி நிறையத் தேங்கட்டும் என்று வெளிக்குழாயை நெஞ்சு உயரத்தில் வைத்தது நான் சொன்ன யோசனை. ஊத்துக்கு உள்ளிருந்து வரும் தள்ளல் கொஞ்சம்தான். மேலே தண்ணி ஏற ஏற அதன் பாரம் கண்ணையே அமுக்கும். ஊத்து வேறு வெடிப்பைத் தேடிப் போய்விடும். எங்கள் ஊத்து போய்ச்சேர்ந்த இடம் கீழ் லயத்துக் கக்கூசுக் குழி ஓரம்.

பெப்ரவரி 12, புதன், போயா (பௌர்ணமி விடுமுறை)

இருபது பேர் வருவதாய்ச் சொன்னார்கள், எட்டுப் பேர் வந்தோம். மற்றவர்களுக்கு மெட்ச். அலவாங்கும் சுத்தியலுமாய் முன்சுவரை உடைத்தோம். என் பெயர் இருந்த பக்கம்தான் முதலில் விழுந்தது.

பாட்டி மேட்டில் குந்திக்கொண்டு அதிகாரம் பண்ணினார். "கண்ணுல மம்பட்டி போடாதீங்கடா, கையால அள்ளு." முழங்கை வரை விட்டுச் சேற்றை அள்ளினேன். விரல் விறைத்துப்போனது. அரை மணி நேரம் கழித்து அடியில் வெள்ளை மணல் தெரிந்தது, உலை கொதிக்கிற மாதிரி துள்ளிக்கொண்டு. உள்ளங்கையை மேலே பிடித்தால் மணல் கூச்சம் காட்டியது. கல்லிடுக்கிலிருந்து பெருவிரல் நகமளவு நண்டு ஒன்று பக்கவாட்டில் ஓடியது. கூட வந்த டீச்சர், இலங்கையில் ஏறத்தாழ 50 வகை நன்னீர் நண்டு உண்டு, அநேகமாய் எல்லாமே இங்கு மட்டும் வாழ்பவை என்றார். இது எந்த வகையென்று கேட்பதற்குள் காணோம்.

புதுக்குழாயைக் கண்ணின் மட்டத்துக்கே தாழ்த்தி வைத்தோம்.

பெப்ரவரி 16, ஞாயிறு

ஊத்துக்கு மேலே தேயிலை. அங்கே புல்லுக்கு மருந்து அடிக்கிற மாமா என் அப்பாவோடு வேலை செய்தவர். "மாமா, ஊத்துக்கு மேல நாலு நிரைய விட்டுருங்களேன்" என்றேன்.

"நானா தம்பி முடிவெடுக்கிறேன்? டாங்கிய முதுகுல ஏத்திவிட்டா அடிக்கணும்."

அந்தப் புல் மருந்தான கிளைபோசேட்டை 2015இல் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டார்கள். தடை இருந்த காலத்தில் கையால் புல் வெட்டி முதுகு போனதையும் அவரேதான் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த நாலு நிரையை நாங்களே வெட்டித் தருகிறோம் என்றோம். கணக்கப்பிள்ளை, தோட்டத்து மேனேஜர் தொரையைக் கேள் என்றார். தொரை கடிதம் எழுது என்றார். எழுதினோம்.

மார்ச் 2, ஞாயிறு

மழைத்தண்ணி ஊத்துக்குள் விழாமல் மேலே பிறை மாதிரி கான் (வடிகால்) வெட்டினோம். டவுனிலிருந்து ஆட்கள் மரக்கன்றோடு வந்து போட்டோ பிடித்துப் போனார்கள். இந்த வெயில் காய்ச்சலில் எதை நடுவது? கன்றுகளைப் பாட்டி வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்திருக்கிறோம், ஏப்ரல் மழை வரட்டும்.

மார்ச் 13, வியாழன், போயா

பதினாலு பிள்ளைகளோடு ஓடை வழியே கெசல்கமு ஓயா வரை இறங்கினோம். அட்டைக்கு உப்புத்துணி கட்டியும் எனக்கு மூணு கடி. பொறுக்கிய குப்பையில் ஷாம்பு உறையும் குழந்தைகளுக்குக் கட்டுகிற பம்பர்ஸும்தான் கூட. இரண்டு சாக்கு நிறைந்தது.

பாறையில் உட்கார்ந்து பணிஸ் தின்னும்போது ஒருத்தி கேட்டாள், "இந்தத் தண்ணி எங்க போவுது?" காசல்ரீ நீர்த்தேக்கம், நோர்ட்டன் பிரிட்ஜ், பிறகு மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி ஆறு, அம்பத்தளையில் எடுத்துச் சுத்தம் பண்ணிக் கொழும்புக்குக் கொடுக்கிறார்கள் என்று சொன்னேன்.

"அப்ப கொழும்புல வீட்டு வேலை பாக்குற எங்க அத்தை நம்ம தண்ணியத்தான் குடிக்குதா?"

"ஆமா."

சாக்கைப் பார்த்தாள். "பம்பர்ஸ் தண்ணியையுமா?"

பணிஸ் தின்றவன் ஒருவன் நிறுத்திவிட்டான்.

மார்ச் 22, சனி

உலக நீர் தினமாம், டவுனில் கூட்டம் இருந்தது. நான் போகவில்லை. புது மூங்கில் பிளந்து பீலி மாற்றினேன். அதே வாளி: 52 வினாடி. கக்கூசு ஓரத்துக் கசிவு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

துணி துவைக்கிற கல்லைப் பீலிக்குக் கீழே பத்தடி தள்ளிப் போட்டதில் பாட்டிக்குக் கோபம். இன்று காலை பழைய இடத்தில் வேறு கல்லைப் போட்டு, சோப்பு நுரையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். தொரையின் பதில் இன்னும் வரவில்லை.